மேல் தட்டில் இருந்த இழைப்புளி

குனியேயின் தையல் பெட்டியில், நூல்கண்டுகளுக்கும் பொத்தான் டப்பாவுக்கும் அடியில், எண்ணெய்த் தாளில் சுற்றிய ஓர் இரும்புத் துண்டு பதினான்கு வருஷமாகக் கிடந்தது. மகள் சிஹோ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருமுறை அதைக் கையில் எடுத்துவிட்டாள். "கை வெட்டிடும், வை" என்றாள் குனியே. அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

மிக்கி ஊரில் தச்சு ஆயுதம் விற்கிற கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இழைப்புளி வாங்க வேண்டுமென்றால் தச்சர்கள் நோசே கடைக்குத்தான் வருவார்கள். கடையின் பின்பக்கம், ஜன்னலோரம், தாழ்வான பலகை முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் குனியேதான் அதற்குக் காரணம். கருவாலிக் கட்டையில் அலகு சரியாக உட்காரும்படி பள்ளத்தைச் செதுக்குவது, கட்டையின் அடிப்பாகத்தை மட்டம் பார்ப்பது, வாங்குகிறவனுக்கு ஏற்றதை எடுத்துக் கொடுப்பது, இதுதான் அவள் வேலை. ஒவ்வொரு கட்டையும் ஒரே ஓர் அலகுக்காகக் குடையப்பட்டது. ஒன்றின் அலகை இன்னொன்றில் செருக முடியாது. வந்தவரிடம் அவள் முதலில் பேர் கேட்கமாட்டாள். என்ன மரம், ஊர் கடலோரமா மலையோரமா, குளிர்காலத்தில் வேலை செய்கிற இடத்தில் அடுப்பு எரியுமா என்று கேட்பாள். அப்புறம் எழுந்து போய் ஒரே ஒரு பெட்டியை எடுத்து வருவாள்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள். இழைப்புளி அலகு இரண்டு இரும்பு ஒட்டியது. கனமான மெல்லிரும்பின் முதுகில் மெல்லிய எஃகு. அந்த எஃகுப் பக்கத்தை நடுவில் லேசாகக் குழித்திருப்பார்கள். முனையோரத்தில் மட்டும் ஒரு நூல் அகலம் தட்டையாக இருக்க வேண்டும். தீட்டத் தீட்ட அந்தத் தட்டை தேய்ந்து குழி முனையைத் தொட்டுவிட்டால் அலகு வெட்டாது. அப்போது மறுபக்கத்து மெல்லிரும்பில் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி எஃகை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். முதுகு தட்டுவது என்பார்கள். அடி மெல்லிரும்பில் விழுந்தால் பிழைத்தது. ஓர் அரிசி அகலம் தள்ளி எஃகின் மேல் விழுந்தால் பீங்கான் கிண்ணம் மாதிரி விரிசல் விட்டுவிடும். இந்த ஒரு வேலையை மட்டும் குனியே செய்யமாட்டாள். "உங்க அலகு, உங்க கையே தட்டட்டும்" என்று சுத்தியலை வாங்கியவர் கையில் கொடுத்துவிடுவாள். அடுத்தவர் பொருளில் எத்தனை பயம், எத்தனை நேர்மை என்று தச்சர்கள் மெச்சிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் குனியே தலையைத் தூக்காமல் செதுக்கிக்கொண்டே இருப்பாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், புருஷன் செத்து எட்டு மாதத்தில், இரண்டு வயது சிஹோவை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு இந்தக் கடையில் சேர்ந்தவள் அவள். மூன்றாவது வாரம். குமேதா என்கிற மேஸ்திரிக்காக, இவாசே என்கிற கொல்லர் அடித்துக் கொடுத்த புத்தம்புது அலகு. இடது மூலையில் தட்டை முனைவரை வந்திருக்கவில்லை. கடையில் யாருமில்லை. தன்னால் முடியும் என்று காட்டிவிடலாமே என்ற ஆசை. சுத்தியலை எடுத்தாள். பதினோராவது அடி கீழே எஃகின் மேல் இறங்கிவிட்டது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். முனையிலிருந்து மேலே ஏறிய தலைமுடி போன்ற ஒரு கோடு.

சுத்தியல் பட்ட தழும்பைச் சாணையில் பிடித்து அவள் மாய்த்தாள். பிறகு கடை முதலாளி நோசே அம்மாவிடம் போய், கல்லில் வைத்ததுமே கோடு தெரிந்தது என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உலையிலேயே விழுந்த விரிசல் என்று நோசே அம்மாவே முடிவு கட்டினாள். குமேதா மேஸ்திரிக்குப் பெரிய வாய். இவாசேயின் இரும்பு உடையும் என்று கோபேயிலிருந்து ஹிமேஜிவரை சொல்லித் தீர்த்தார். இவாசே கொல்லர் இனிப்புப் பெட்டியோடும், அதே நாளில் அதே நெருப்பில் அடித்த இன்னொரு அலகைக் கட்டையில் பொருத்திய இழைப்புளியோடும் கடைக்கு வந்தார். மேஸ்திரி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கொல்லர் நோசே அம்மாவுக்குத் தலை குனிந்தார். பிறகு பின்பக்கம் வந்து, பலகை முன்னால் உட்கார்ந்திருந்த குனியேக்கும் இடுப்பு மடியக் குனிந்தார். "புதுசா வேலைக்கு வந்த பொண்ணு. உங்க கையில போய் இப்படி ஆயிடுச்சு. மன்னிச்சிடுங்க" என்றார்.

அந்த இழைப்புளி மேல் தட்டுக்குப் போனது. உடைந்த அலகைக் குப்பை டப்பாவிலிருந்து எடுத்து அவள் தையல் பெட்டியில் ஒளித்தாள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இவாசேயிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. கீழே எப்போதும் ஒரே வரி: 'அன்று உங்களுக்குச் சங்கடம் கொடுத்துவிட்டேன்.'

பதினான்கு அட்டைகள். அவற்றையும் அவள் எறியவில்லை.

ஜூன் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் குமேதா மேஸ்திரி கடைக்குள் வந்தார். ஐம்பத்தெட்டு வயதிலும் குரல் குறையவில்லை. குடையை வெளியே வைக்கச் சொன்னாள் நோசே அம்மா, போன தடவை பாதி மழையைக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று. மேஸ்திரி வழக்கம்போலச் சிரிக்கவில்லை. நேராகப் பின்பக்கம் வந்து, கக்கத்தில் வைத்திருந்த மரத்துண்டைக் குனியேயின் பலகைமேல் வைத்தார்.

விஷயம் இதுதான். மலையோரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுக் கொல்லையில் நின்ற ஹினோக்கி மரம் ஒரு சூறாவளியில் சாய்ந்தது. வீட்டுக்காரக் கிழவி அதை விற்காமல் எட்டு வருஷம் கொட்டகையில் உலர்த்தினாள். அதிலிருந்து தேறியது ஒரே ஒரு தூண். விருந்தினர் அறையில் படம் மாட்டுகிற மாடத்தின் பக்கத்தில் நிற்கப் போகிற தூண், வீட்டுக்கே முகம் போன்றது. உப்புத்தாள் தேய்க்கக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது. இழைப்புளி விட்டுப்போன பளபளப்போடு அப்படியே நிற்க வேண்டும். நாளை நல்ல நாள், நிறுத்தியாக வேண்டும். கடைசி இழைப்பு நாளைக் காலையில்தான், கை அழுக்கு படுவதற்குள். நேற்று மேஸ்திரியின் இழைப்புளி சாரத்திலிருந்து விழுந்து கல்லில் மோதியது. அலகு முனையில் ஆழமாக ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது.

"தூணைக் காகிதம் சுத்தி வெச்சிருக்கேன். அந்தம்மா தினம் வந்து காகிதத்து மேலயே தடவிப் பார்த்துட்டுப் போகுது. எண்பத்தெட்டு வயசு. நாளைக்கு அந்தம்மா முன்னாடி நான் தூணைப் பிய்ச்சு வெச்சேன்னா, இந்த வேலையை விட்டுட்டு மீன் விக்கப் போகணும்."

குனியே மரத்துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். அதே தூணின் நுனியில் அறுத்த துண்டு. நடுவில் கட்டை விரல் பருமனில் ஒரு முடிச்சு. அதைச் சுற்றி நார் சுழன்று போயிருந்தது. எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் பாதி தூரம் மரத்தோடு போகும், பாதி தூரம் மரத்துக்கு எதிராக. கடையில் சோதனைக்கு வைத்திருந்த இழைப்புளியை வைத்து அவள் தன் பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தாள். சீவல் பட்டுபோல வந்து, முடிச்சுக்கு அப்பால் 'சர்ர்' என்று கிழிந்தது. அங்கே மரம் பூனை நாக்கு மாதிரி முரடாகிவிட்டது.

"என்ன பாக்கறே? கேள்வி கேளு" என்றார் மேஸ்திரி. "என் பொண்டாட்டி கூட கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இவ்ளோ விசாரிக்கல. இன்னைக்கு நீ வாயே தொறக்க மாட்டேங்கறே."

அவள் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. இந்த மரத்துக்கு எது வேண்டும் என்று துண்டைத் தொட்ட மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாவுபோல நைசான எஃகு, முனை மெலிந்தாலும் உதிராத எஃகு வேண்டும். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கி, இனி அசைய வேண்டியதெல்லாம் அசைந்து முடித்த கட்டை வேண்டும். புதுக்கட்டை இந்த ஈரத்தில் ஒரே ராத்திரியில் முறுக்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்த ஒன்று இந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் தலைக்கு நேர் மேலே, மேல் தட்டில், பதினான்கு மழைக்காலம் பார்த்த பெட்டிக்குள்.

அவள் தலை நிமிரவில்லை. வேறு இரண்டு பெட்டிகளை எடுத்து வந்து வைத்தாள்.

மேஸ்திரி இரண்டையும் திறந்தார். ஒன்றின் அலகில் பெரிய பேர் பொறித்திருந்தது. போட்டிகளில் ஜெயிக்கிறவர்கள் வைத்திருக்கிற பேர். அதை விரலில் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்த்தார். மணி மாதிரி அடித்தது. முகம் தெளிந்தது.

அந்த எஃகு ரொம்பக் கடினம் என்று குனியேக்குத் தெரியும். நேர் நாரில் அற்புதமாக ஓடும். சுழிநாரில் முனை பொடிப்பொடியாக உதிரும். பத்து இழுப்புக்குள் தூணில் கோடு விழும்.

"உன் மனசுல இதுதானா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"நல்ல அலகுதான், மேஸ்திரி" என்றாள் அவள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் மரத்துண்டின் கிழிந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தாள்.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. புது அலகைக் கண்ணால் பார்க்கலாம், சுண்டிப் பார்க்கலாம், வெளிச்சத்தில் பிடிக்கலாம். கல்லில் வைத்துத் தீட்டிப் பார்க்க முடியாது. கல்லைத் தொட்ட நிமிஷம் அது வாங்கியவருடையது, திரும்பப் பெட்டிக்குப் போகாது. மேஸ்திரி மழையில் நேரே வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் இங்கேயே தீட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். தொட்டியிலிருந்து தீட்டுக்கல்லை எடுத்து மரச்சட்டத்தில் இறுக்கினார். தண்ணீரை அள்ளிக் கல்மேல் தெளித்தார்.

குனியே கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் என்ன ஆகும்? இந்த வாய்க்கு முன்னால் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். வேலை போகும். 'குனியே கொடுத்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்' என்ற பேர் போகும். ஒசாகாவில் படிக்கிற சிஹோவின் காதுக்கும் போகும். சொல்லாவிட்டால்? நாளைக் காலையில் ஒரு கிழவி காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பாள்.

மேஸ்திரி அலகைச் சாய்த்துப் பிடித்தார். கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது.

"வைக்காதீங்க."

மேஸ்திரி கை அந்தரத்தில் நின்றது.

அவள் ஸ்டூல் போட்டு ஏறினாள். மேல் தட்டின் கடைசியிலிருந்த பெட்டியை இறக்கி, தூசியை இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்து, மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். கட்டை தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அலகில் இவாசேயின் முத்திரை.

மேஸ்திரியின் முகம் கறுத்தது. "என்னைக் கேலி பண்றியா? இந்த ஆளு இரும்பு உன் கையில உடைஞ்சதைப் பார்த்தவ நீ."

"உடைஞ்சதில்ல. உடைச்சேன்."

மழைச்சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையோ என்று அவள் இன்னொருமுறை சொன்னாள். பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்றாவது வாரம், காலிக் கடை, பதினோராவது அடி, சாணையில் மாய்த்த தழும்பு.  யாரோ ஒருத்தியின் கதையைப் படித்துக் காட்டுவதுபோலச் சொன்னாள். சொல்லி முடித்தபோது நோசே அம்மா கணக்குமேசையிலிருந்து எழுந்து வந்து திரைச்சீலையைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்தாள்.

 கல்லின் மேலிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழுந்தது.

மேஸ்திரி கையிலிருந்த பெரிய பேர் அலகை மெதுவாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் குனியேக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போடவில்லை. இவாசேயின் அலகைக் கட்டையிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"இதுலயும் மூலை வரல" என்றார். "பாரு. இடது மூலை."

அவள் பார்த்தாள். ஒரே நாள், ஒரே நெருப்பு, ஒரே கை. முதல் அலகில் இருந்த அதே குறை, அதே இடத்தில். முதுகு தட்டாமல் இது வெட்டாது.

"பதினாலு வருஷம் அந்த மனுஷன் பேரை ஊர் ஊரா நாறடிச்சேன். என்னை நாறடிக்க வெச்சவ நீ. நீயே தட்டு. என் கண்ணு முன்னாடி."

"மேஸ்திரி, அதுக்கு அப்புறம் நான் யாரோடதையும் தட்டினதில்ல. இது உடைஞ்சா உங்க தூண்..."

"தெரியும். தட்டு."

நோசே அம்மா சின்னச் சுத்தியலை எடுத்து வந்து பலகைமேல் வைத்தாள்.

இரும்பு அடைகல் மழைக்குச் சில்லென்றிருந்தது. அலகின் எஃகுப் பக்கத்தை அடைகல்லின் ஓரத்தில் அழுத்தி வைத்தாள். இடது சுட்டுவிரலை அடியில் கொடுத்து இடத்தை நிதானித்தாள். முனையின் சரிவில் இரண்டு இரும்பும் சேருகிற கோடு மங்கலாகத் தெரிந்தது. மேலே சாம்பல் நிறம், கீழே கண்ணாடி மாதிரி எஃகு. சாம்பலில் விழ வேண்டும்.

சுத்தியலை ஓங்கியபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இத்தனை வருஷமும் ராத்திரி தூக்கம் வராதபோது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. அடி தவறியது உண்மைதான். ஆனால் நல்ல எஃகு அவ்வளவு லேசான அடிக்கு உடைந்திருக்குமா? அந்தக் கொல்லரின் நெருப்பிலும் தப்பு இருந்திருக்கலாமே? இதோ, அதே நெருப்பில் பிறந்த கூடப்பிறந்தது கையில் இருக்கிறது. சரியாகத் தட்டியும் இது உடைந்தால், அவள் பாதிக் குற்றவாளிதான். உடையட்டும் என்று நெஞ்சின் ஒரு மூலை கெஞ்சியது. அந்தக் கெஞ்சலைக் கேட்டு அவளே கூசிப்போனாள்.

டொக்.

சாம்பலில் விழுந்தது. டொக். டொக். ஒவ்வொரு அடிக்கும் அலகை ஒரு நூல் நகர்த்தினாள். ஏழு. எட்டு. வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணைக் கரித்தது, துடைக்கவில்லை. பத்து.

பதினோராவது அடிக்குக் கை மேலே போய் நின்றுவிட்டது. இறங்க மறுத்தது. மேஸ்திரி மூச்சு விடுகிற சத்தம் பக்கத்தில் கேட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

அவள் கண்ணை மூடாமல் இறக்கினாள். டொக்.

முப்பத்திரண்டு அடி. அலகை இரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினாள். விரிசல் இருந்தால் உடைந்த ஓட்டின் சத்தம் வரும். சன்னமாக, நீளமாக, கடைசிவரை அறுபடாமல் ஒலித்தது. குனியே அலகைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டாள். கொல்லரின் நெருப்பில் தப்பே இல்லை. முழுக் குற்றமும் அவளுடையதுதான்.

தீட்டியது மேஸ்திரி. கட்டையில் செருகி, தலையில் இரண்டு தட்டு தட்டி, மரத்துண்டின் மேல் வைத்துத் தன் பக்கமாக ஒரே இழுப்பு இழுத்தார். முடிச்சைத் தாண்டிச் சத்தமே மாறவில்லை. சீவல் அறுபடாமல் அவர் மணிக்கட்டில் வந்து சுருண்டது. இழைத்த இடத்தில் ஜன்னலும் மழையும் மங்கலாகத் தெரிந்தன. அவர் அதைக் கையால் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போகும்போது மட்டும் சொன்னார், அவளைப் பார்க்காமல். "இவாசேகிட்ட முதல்ல நீ போ. ஊர் ஊரா நான் சொன்னதுக்கு நான் அப்புறமா போய்க்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்து போனா குத்தம் பாதிப் பாதியாப் போயிடும்."

 மறுநாளிலிருந்து குனியேக்கு முன்பக்கத்தில் ஆணி நிறுக்கிற வேலை. ஜன்னலோரப் பலகையை நோசே அம்மா துணி போட்டு மூடிவைத்தாள். எத்தனை நாளைக்கு என்று குனியே கேட்கவில்லை. தூண் நின்றது. கிழவி அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாளாம். ஆணி வாங்க வந்து இந்தச் செய்தி சொன்னவர், குனியேயைப் பற்றியும் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது என்று தராசைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

கூடவே மேஸ்திரி ஓர் உறை கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே தூணின் கடைசிச் சீவல், மடித்து வைத்த பட்டுத்துணி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. குனியே இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள். தையல் பெட்டியிலிருந்ததை எடுத்து, உறையோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இவாசேயின் பட்டறையில் ஜன்னல் பலகைகள் எல்லாம் திறந்து கிடந்தன. வெயில் உள்ளே வந்து விழுந்தது. அலகு அடிக்கிற கொல்லன் பகலிலும் பட்டறையை இருட்டாக்கி வைத்திருப்பான். இரும்பு என்ன நிறத்தில் பழுத்திருக்கிறது என்று இருட்டில்தான் தெரியும். களைக்கொத்தி அடிக்க அந்த இருட்டு தேவையில்லை. அவர் இப்போது களைக்கொத்திதான் அடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. அவளைக் கண்டதும் சுத்தியலை வைத்துவிட்டு அவசரமாகத் தலை குனிந்தார்.

"நோசே கடைப் பொண்ணுதானே? அன்னைக்கு உங்களுக்கு..."

"ஐயா, குனியாதீங்க" என்றாள் அவள். கெஞ்சுகிற குரல். அதற்குமேல் பொறுக்க முடியாமல் மண்தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படச் சொன்னாள். மேஸ்திரியிடம் சொன்னது போல யாரோ ஒருத்தியின் கதையாக இந்தமுறை வரவில்லை. அழுகையும் வார்த்தையும் கலந்து வந்தன.

அவர் எண்ணெய்த் தாளைப் பிரித்தார். உடைந்த அலகை வெயிலுக்குக் காட்டினார். விரலால் கோட்டைத் தடவினார்.

"எங்க அடிச்சே?"

அவள் எழுந்து வந்து தொட்டுக் காட்டினாள். மாய்த்த இடத்தில் சரிவு ஒரு நூல் பள்ளமாக இருந்தது. தெரிந்து பார்த்தால் மட்டும் தெரியும்.

உறையிலிருந்த சீவலையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியாக அவர் விரல்கள் தெரிந்தன. "இது?"

"அதே நாள்ல நீங்க அடிச்ச இன்னொண்ணு. சுழிநாருக்கு எதிரா ஓடினது."

அவர் சீவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் கோபம் இருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அங்கே இருந்தது வேறு என்னவோ.

"அப்போ அந்த நெருப்பு சரிதானா?"

"சரிதான், ஐயா."

"நான் அதைக் குறைச்சேன்" என்றார் அவர். "சூடு ஜாஸ்தியாப் போச்சுன்னு நினைச்சு ஒவ்வொரு வருஷமும் குறைச்சேன். உடையக் கூடாது, உடையக் கூடாதுன்னு. அப்புறம் அரைமணியில மழுங்குதுன்னு திருப்பிக் கொண்டுவந்தாங்க. கை போயிடுச்சுன்னு நினைச்சேன்."

குனியேக்கு அழுகைகூட நின்றுவிட்டது. அவரது பேரை மட்டும்தான் கெடுத்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அவர் இனிப்புப் பெட்டியைப் பார்த்தார். "அன்னைக்கு நான் கொண்டுவந்ததை நீ தின்னியா?"

"தொண்டையில இறங்கல. எங்க பாப்பா தின்னா."

"பாப்பா தின்னுச்சா" என்றார். பெட்டியை அவள் பக்கமே தள்ளிவைத்தார். "இதையும் அதுக்கே கொண்டு போ."

பிறகு எழுந்து போய் ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினார். ஒன்று. அடுத்தது. மூன்றாவது. வெயில் துண்டு துண்டாகத் தரையிலிருந்து மறைந்தது. போ என்று வாயால் சொல்லாமல் சொல்கிறார் என்று அவளுக்குப் பட்டது. சொல்ல உரிமை உள்ளவர்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியேறினாள். கதவும் சாத்திக்கொண்டது.

இறவாரத்தடியில் அவள் நின்றாள்.  உள்ளே கரி கொட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் துருத்தி. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரே சீராக.

"வெளிய யாரு, இன்னும் நிக்கறியா?" என்றது உள்ளிருந்து அவர் குரல். அதில் அன்பு இல்லை, வேலையில் இருக்கிறவனின் எரிச்சல்தான் இருந்தது. "அந்தக் கதவு இடுக்கில வெளிச்சம் வருது. நிறம் தெரிய மாட்டேங்குது. நிக்கறதுன்னா அடைச்சுக்கிட்டு நில்லு."

குனியே பெட்டியைக் கீழே வைத்தாள். கதவில் பலகை விலகியிருந்த இடுக்கில் முதுகைப் பதித்து, தோளை அகட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் உலையின் சூடு பலகையைத் தாண்டி அவள் முதுகுக்கு வந்தது. அவள் அசையவில்லை.